கடிதத்தைத் தொலைத்தவன் நீ இல்லை, அண்ணா

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுவதால் ‘நீங்கள்’ போடலாமா என்று யோசித்தேன். இரண்டு வரி அப்படி எழுதியும் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத ஆளுக்கு எழுதுவது போல இருந்தது. வீட்டில் கதைக்கிற மாதிரியே எழுதுகிறேன். சித்தப்பா வீட்டார், மாமாமார், மச்சாள்மார் எல்லாரும் இதைப் படிப்பார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் உனக்குத் தனியாக அனுப்பாமல் இங்கே போடுகிறேன்.

வருகிற கிழமை அப்பாவின் திவசம். நீ வரவில்லையாம், அம்மா சொன்னா. அதைப் பற்றி இங்கே ஒன்றும் கதைக்கப் போவதில்லை.

விக்கியைப் பற்றிக் கதைக்கலாம். நாம் ரீவியில் பார்த்த கார்ட்டூன் பிள்ளை, பழைய வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பிள்ளை. அவனுக்கு இந்த வருடம், 2024இல், 50 வயது. 1974 ஜனவரி 31ஆம் திகதி ஜேர்மன்காரரின் (டொச்காரரின்) ரீவி செட்.டே.எஃப்.இல் முதல் பகுதி போனதாம். நீயே அப்போது பிறக்கவில்லை. பேப்பரில் பெரிதாகப் படம் போட்டிருந்தார்கள். செம்பட்டை முடி, கொம்பு வைத்த தொப்பி, மூக்கடியில் விரல். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நாம் இருந்த அகதிக் காம்ப் பொது அறையின் மணம். ஈரச் சப்பாத்து, கானாக்காரர் பொரிக்கிற வாழைக்காய், யாரோ அணைக்காமல் விட்டுப்போன சிகரெட். சேர்ச்காரர் தந்த பழைய ரீவி, அதில் ஆட்களின் முகம் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். அதற்கு முன்னால் அந்த மண்ணிறச் சோபா.

78 பகுதிகள் இருக்கிறதாம். நாம் பாதியாவது பார்த்திருப்போமா? ஒரே பகுதியை மூன்று தரம் போட்டாலும் மூன்று தரமும் பார்த்தோம். விக்கி பெண்பிள்ளை என்று நான் சொல்வேன். ஆம்பிளைப் பிள்ளை என்று நீ சண்டை பிடிப்பாய். (என்னோடு வேலை செய்கிற டொச்காரிகள் இரண்டு பேர் தாங்களும் சின்ன வயதில் பெண் என்றுதான் நினைத்தார்களாம். அந்த நீள முடியைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.) விக்கியின் அப்பா ஹல்வாரின் கப்பலில் ஷூரேயும் ஸ்னோரேயும் ஆளையாள் தள்ளிக்கொண்டு நிற்க, ஃபாக்சே சத்தம் போடாமல் எதையாவது தூக்கிக்கொண்டு போவான். ஊல்மே யாழோடு வந்தால் கேட்க ஒருவருக்கும் பொறுமை இருக்காது. கோர்ம் பாய்மரத்தடியில் குதித்துக் குதித்து ‘எண்ட்சுக்ட்’ என்பானே, பரவசம், பரவசம் என்று. ஒருநாள் காம்ப்பைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் எங்கள் அறைக்கு ஹீட்டர் கொண்டுவந்தபோது நீ அவருக்கு அந்தச் சொல்லைச் சொன்னாய். அந்த மனிதன் சிரித்ததை முதல் தடவையாக அன்றுதான் கண்டோம்.

பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை நீ. டொச் உனக்கு அந்த ரீவியில் இருந்துதான் வந்தது. ஒவ்வொரு வசனத்தையும் பிடித்து வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்பாய். அப்பப்பாவின் அன்னபூரணிக் கதையையும் அதற்குள் கொண்டுவந்து ஒட்டினாய். வல்வெட்டித்துறையில் கட்டின பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் வரை போய் குளோஸ்டர் துறையில் நின்ற கப்பல். “ஹல்வாற்ற கப்பல் அதுக்கு முன்னால ஒரு சின்ன வள்ளம்” என்று குர்திஷ் பெடியன்களுக்கே டொச்சில் சொல்லுவாய்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் நாம், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று அப்பாவின் கடதாசியில் எழுதியிருந்தது. உன் வகுப்பு வடகடலுக்குப் போனபோது அனுமதி நேரத்துக்கு வரவில்லை. அன்று முழுக்க நீ பொது அறையில் இருந்தாய், ரீவியைப் போடாமல்.

ஹல்வார் என்ன செய்வான்? கத்துவான், மேசையில் குத்துவான், வாளை எடுத்துக்கொண்டு நேரே போய் மாட்டிக்கொள்வான். பிறகு வழி சொல்வது அந்தச் சின்னப் பிள்ளைதான். முதலில் தன் அப்பா ஹல்வாரோடு கல்லுச் சுமக்கும் போட்டி வந்ததே, அவர் முதுகில் சுமக்க, இவன் கவண் செய்து எறிந்து வென்றான். ஓநாயைக் கண்டால் நடுங்குகிற பிள்ளை. அவனைக் கேட்காமல் அவர்களுடைய ஊர் ஃப்ளாக்கேயில் ஒரு பெரிய ஆளும் தப்ப முடியாது.

காம்ப்பில் அந்தப் பிள்ளை நீதான். பன்னிரண்டு வயதில் அங்கே இருந்த தமிழ்ச் சனம் அத்தனைக்கும் நீதான் வாய். ஒரு அக்காவின் வயிற்றில் இருந்த பிள்ளையைப் பற்றி டொக்டர் சொன்னதை, அவவின் கணவனுக்கும் அவவுக்கும் நடுவில் நின்று நீ சொன்னாயாம். அந்த நாளைப் பற்றி நீ ஒருபோதும் வாய் திறந்ததில்லை, நானும் இதற்கு மேல் எழுதவில்லை.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நீ நிலத்தில் ரீவிக்கு முன்னால். நான் சோபாவில், சன்னல் பக்க மூலையில். கடற்கொள்ளைக்காரன் ஸ்வென் வந்து ஹல்வாரையும் ஆட்களையும் பிடித்துக் கட்டிப்போட்டிருந்தான், விக்கி மட்டும் வெளியே. ஹவுஸ்மைஸ்டர் வாசலில் நின்று எனக்குக் கைகாட்டினார். ஒரு கடிதம். அப்பாவின் பெயர், கந்தோர்க் கடிதங்கள் வருகிற சன்னல் வைத்த உறை.

சன்னல் வைத்த உறை வந்தால் என்ன நடக்கும் என்று எட்டு வயதில் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா உன்னைக் கூப்பிடுவார். அகராதியோடு மேசையில் இருப்பாய். உன் முகம் ஒரு பெரிய ஆளின் முகமாகிவிடும். படம் முடிந்த பிறகும் அந்த முகம் போகாது, விளையாடவும் வரமாட்டாய். முந்தின கிழமை அப்படித்தான் நடந்தது. அதற்கு முந்தின கிழமையும்.

யோசிக்கும்போது செய்வது போல விக்கி விரலை மூக்கடிக்குக் கொண்டுபோனான். நீயும் கொண்டுபோனாய், உனக்கே தெரியாமல். நான் கடிதத்தைச் சோபாவின் முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவில் விட்டேன். படம் முடிந்ததும் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

நட்சத்திரம் பறந்தது. ‘இஷ் ஹாப்ஸ்!’, வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று. நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய் அண்ணா. முன்பல் உடைந்திருந்த இடம் தெரிய, வாய் நிறைய. அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. இல்லை, சாட்டுத்தான். ஆனால் உண்மையும் அதுதான்.

படம் முடிய, வெளியே பனி கொட்டுது என்று பெடியன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நாமும் ஓடினோம். மறந்துபோனேன் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. இரவு படுக்கையில் நினைவு வந்தது. விடிய எடுத்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன். விடிந்ததும், ஏன் நேற்றே தரவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். அடுத்த நாள் அந்தப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நீ பத்து ஃபெனிக் காசு விழுந்துவிட்டது என்று சோபாவுக்குள் கையை விட்டாய்.

அப்பாவை அகதி விசாரணைக்கு வரச் சொன்ன நாள் வியாழக்கிழமை.

நீ அதை நின்ற இடத்திலேயே வாசித்தாய். பிறகு நேரே அப்பாவிடம் கொண்டுபோனாய். நான் உன் பின்னால் வந்தேன். கடிதங்கள் எல்லாம் உன் பொறுப்பு என்பதால் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அடித்தார். ஒரே ஒரு அடி, கன்னத்தில். பக்கத்து அறைக் கதவு திறந்து மூடிய சத்தம்கூட எனக்கு இன்னும் கேட்கிறது. நீ வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நாம் பார்த்த பகுதிகளில் ஹல்வார் எவ்வளவு கத்தினாலும் விக்கிக்குக் கை நீட்டியதில்லை, நீட்டினானா?

சொன்ன நாளில் வராத ஆள் என்று அப்பாவின் கோப்பில் எழுதிவிட்டார்கள். ஒரு வக்கீலும் சேர்ச்சில் இருந்த அந்த அம்மாவும் மாதக்கணக்கில் அலைந்துதான் அதைத் திருத்தினார்கள். அந்த மாதங்களில் அப்பா இரவில் நடந்துகொண்டே இருந்தது உனக்கும் தெரியும்.

அப்புறம் அது குடும்பக் கதை ஆனது. கடிதம் துலைச்ச பெடியன். ஒவ்வொரு கலியாண வீட்டிலும், பிறந்தநாளிலும். உன் கலியாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார்கள், மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் உனக்குப் பக்கத்தில் தட்டத்தோடு நின்றேன். நானும் சிரித்தேன் அண்ணா. எட்டு வயதில் செய்ததை மன்னிக்கலாம். அன்று எனக்கு 20 வயது.

போன கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹைதாபுவுக்குப் போனேன். ஷ்லெஸ்விக்குக்குப் பக்கத்தில், ஷ்லை நீர்க்கழிக்கரையில் உண்மையான வைக்கிங்குகள் இருந்து வியாபாரம் செய்த ஊர். 2018இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பழைய மாதிரியிலேயே ஏழு வீடுகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், நாணல் கூரை, உள்ளே நடுவில் அடுப்பு. மான்கொம்பில் செதுக்கின சீப்புகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். துறைமுகச் சேற்றுக்குள் கிடந்த நீளக் கப்பல் ஒன்றை 1979இல் வெளியே எடுத்திருக்கிறார்கள், நான் பிறந்த வருடம். முழுசாக இருந்தபோது ஏறத்தாழ 30 மீற்றராம். மிச்சம் இருக்கிற கறுத்த பலகைகளுக்கு முன்னால் நிறைய நேரம் நின்றேன். நீ இதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டிருப்பாய்.

கொம்பு வைத்த தொப்பி எங்கே என்று மகன் தேடினான். அப்படி ஒன்று கிடையாதாம். 1876இல் பைரொய்ட்டில் வாக்னரின் ஓபராவுக்கு டோப்லர் என்ற ஓவியர் வரைந்த உடுப்புகளில் இருந்துதான் கொம்பு எல்லாருடைய தலையிலும் ஏறியதாம். விக்கியே டொச்சுப் பிள்ளை இல்லை அண்ணா. 1963இல் ரூனர் யோன்சன் என்ற ஸ்வீடன்காரர் எழுதிய பிள்ளை, ஜப்பானில் வரைந்து அசைய வைத்த பிள்ளை. டொச் நாடு அவனுக்குக் குரலைக் கொடுத்து வீட்டுப் பிள்ளை ஆக்கியது. டொச்சுப் பிள்ளைகளைப் போலக் கதைக்க வேண்டும் என்று நீ வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் படித்தது அந்தப் பிள்ளையிடம். இதைக் கேட்டால் நீ எவ்வளவு சந்தோசப்படுவாய் என்று அங்கேயே போனை எடுத்தேன். உன் பெயர் வரை வந்து திரும்ப வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன்? 1999இல் நீ கனடாவுக்குப் போனாய். போகத்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் சொன்னேன், உனக்கும் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிற சன்னல் உறை ஒவ்வொன்றையும் நான்தான் திறக்கிறேன். அப்பாவின் பென்ஷன், அம்மாவின் ஆஸ்பத்திரி, வீட்டு வாடகை. நீ 13 வருடம் வாசித்தாய். நான் 25 வருடமாக வாசிக்கிறேன். சின்னப் பிள்ளையாய் நீ வாசித்ததும் வளர்ந்தவளாய் நான் வாசிப்பதும் ஒன்றில்லை என்று தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது. நீ அன்றைக்கு வாய் திறந்திருக்கலாம். ‘தங்கச்சி இருந்த பக்கத்தில கிடந்தது’ என்று ஒரு வரி. எனக்கும் ஒரு அடி விழுந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். இவ்வளவு காலம் உனக்குக் கடன்பட்டவளாய் என்னை வைத்திருந்தது நீயும்தான்.

இன்னொன்று இருக்கிறது. இதுதான் எழுதக் கஷ்டமானது.

2011இல், கடைசிக் கிழமை, அப்பா என்னிடம் சொன்னார்: “அவனுக்கு ஒருநாள் அடிச்சனான் பிள்ளை. கடிதத்துக்கு. சின்னப் பெடியன். அவன் வந்தா சொல்லு.” அவ்வளவுதான் சொன்னார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன், அவருடைய கை என் கையில் இருந்தது, சொல்லவில்லை.

அன்று இரவு நாம் போனில் கதைத்தது நம்மோடு இருக்கட்டும். அதற்குப் பிறகு உனக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். செத்தவீட்டுக்கு வந்தாய், நான்கு நாள் நின்றாய். அந்த நான்கு நாளும் அப்பாவின் சொல் என் வாயில் இருந்தது. நீ விமானநிலையத்தில் பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டு உள்ளே போகும்வரை வைத்திருந்தேன். உனக்குத் தண்டனை கொடுக்க அப்பாவின் வார்த்தையை எடுத்துக்கொண்டேன். அது உன்னுடையது. 13 வருடம் பிந்தித் தருகிறேன்.

மாமா, சித்தப்பா, மச்சாள்மார்: அந்தக் கடிதத்தைச் சோபாவுக்குள் விட்டது நான். இனி அந்தக் கதையைச் சொல்வதென்றால் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

அண்ணா, காசு தேட நீ கையை விட்டது நான் எப்போதும் இருக்கிற மூலையில். கடிதம் அங்கே எப்படி வந்தது என்று நீ அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடுத்த கிழமை விக்கி போனபோது நிலத்தில் இருக்காமல் சோபாவில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாய். உனக்கு அப்போதே தெரியுமா?

திவசம் சனிக்கிழமை. அம்மா வழமை போல உனக்கும் சேர்த்துத்தான் சமைப்பா. நான் காலையில் இருந்து அங்கேதான் இருப்பேன். வீட்டுப் போன் நம்பர் மாறவில்லை.

உன் தங்கச்சி