முதல் வரியில் கிழமையும் நேரமும்: கேம் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, ஆளுக்கொரு பாத்திரமாகி பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டங்களில், இணையவழி கேம்பெய்னுக்கு (பல அமர்வுகள் தொடரும் கதைக்கு) ஆள் தேடும் கேம் மாஸ்டர்களுக்கு (ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு),

வணக்கம். நீங்கள் எழுதும் அழைப்புகளை ஆசையோடு படிக்கிறவர்கள் நாங்கள். வீழ்ந்த பேரரசு, உறங்கும் தெய்வம், மூன்று ராஜ்ஜியங்களின் பகை என்று நான்கு பத்தி ஓடுகிறது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பது மட்டும் இருப்பதில்லை. அந்த உலகத்தைக் கட்ட நீங்கள் பட்ட பாடு எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் பாதியில் நின்றுபோகும் கேம்பெய்ன்களில் பல, ஆட்களின் நேரம் ஒத்துவராமல்தான் நிற்கின்றன. ஆகவே நேரத்தை முதல் வரியில் போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அழைப்பு இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014 விதிகள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிறு இரவு 7.30 முதல் 10.30 வரை, இந்திய நேரம். மொத்தம் 12 செஷன். ஒன்றாம் லெவலில் தொடங்கி ஐந்தில் முடியும். ஐந்து பேர் தேவை, மூவர் வந்தால் ஆட்டம் நடக்கும். குரல் டிஸ்கார்ட் செயலியில், வரைபடம் ரோல்20 தளத்தில். பேச்சு தமிழில், விதிகள் ஆங்கிலத்தில். 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். கட்டணம் இல்லை."

இதற்குக் கீழே கதையைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். மிச்சத்தை ஆட்டத்திலேயே கண்டுபிடித்துக்கொள்கிறோம்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தால் 'இந்திய நேரம்' என்று எழுதினால் மட்டும் போதாது. நம் கடிகாரம் வருடம் முழுக்க மாறாது, அவர்களுடையது மாறும். லண்டனில் ஞாயிறு பிற்பகல் 3 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை மாற்றிவிடுகிறது, பிரிட்டன் மாதக் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கிறது. அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னால் வந்து காத்துக்கிடப்பார், இன்னொருவர் சண்டை முடிந்தபின் வருவார். எந்த ஊர்க் கடிகாரத்தை ஒட்டி ஆட்டம் நடக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் டிஸ்கார்டின் நேரக் குறியீட்டைப் போட்டால், அவரவர் திரையில் அவரவர் ஊர் நேரம் தெரியும்.

ஐந்து பேர் என்பதற்குக் காரணம் உண்டு. நான்கு பேரை எடுத்து நால்வரும் வந்தே ஆகவேண்டும் என்றால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே அந்த வாரம் போச்சு. ஆறு பேர் என்றால் சண்டை இழுக்கும்: ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும், ஒருமுறை பகடை உருட்டியவர் அடுத்த முறைக்குப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அரக்கர்களின் முறை அதற்கு மேல். அதற்குள் கவனம் போனுக்குப் போய்விடும்.

எந்தப் பதிப்பு என்பதையும் விடாமல் எழுதுங்கள். 2014 விதியில் கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் போடும் கேரக்டர்) முதல் லெவலிலேயே தன் உட்பிரிவைத் தேர்ந்தெடுப்பார், 2024-இல் மூன்றாம் லெவல் வரை பொறுக்க வேண்டும். 2014-இல் கேரக்டரின் இனத்தோடு வரும் திறன் புள்ளிகள் 2024-இல் அதன் பின்னணியோடு வருகின்றன. சொல்லாவிட்டால் பாதிப் பேர் ஒரு விதியிலும் மீதிப் பேர் இன்னொன்றிலும் கேரக்டர் செய்து வருவார்கள். புதியவர்கள் புத்தகம் வாங்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2014 பதிப்பின் அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ரோல்20-க்குப் பதிலாக, ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளைத் தங்கள் கணினியிலேயே ஓடவிட்டு நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. உரிமம் உங்களுக்கு மட்டும் இருந்தால் போதும், ஆட்டக்காரர்கள் பிரவுசரில் வந்துவிடலாம். ஆனால் நம் ஊரில் பல இணைப்புகளில் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. அப்படிப்பட்ட இணைப்பில், ரவுட்டரில் 30000-ஆம் போர்ட்டை (ஃபவுண்ட்ரிக்குள் வரும் வாசலை) திறந்துவைத்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. உங்கள் வீட்டு வைஃபையில் இன்னொரு லேப்டாப்பில் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் திறந்துவிடும். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். திறக்கவில்லை என்றால் வாடகை சர்வர் ஒரு வழி. ஐந்து பேரை உட்காரவைத்துக்கொண்டு முதல் செஷனில் ரவுட்டரோடு மல்லுக்கட்டினால், அடுத்த வாரம் மூன்று பேர்தான் வருவார்கள்.

முதலில் வந்தவருக்கே முதல் இடம் என்று கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் அழைப்பைத் திறந்து வையுங்கள். மூன்று கேள்வி போதும்: மாதத்தில் எந்த நாட்கள் வர முடியாது, கடைசியாக ஆடிய கேம்பெய்ன் எப்படி முடிந்தது, ஆட்டத்தில் எது பிடிக்கும் — சண்டையா, பேச்சா, ஊர் சுற்றலா? பிறகு ஆளுக்குக் கால் மணி நேரம் குரலில் பேசுங்கள். ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் பேசுபவரால் எல்லோருக்கும் எதிரொலி கேட்கும், அது அப்போதே தெரிந்துவிடும். அனுபவம் குறைவு என்பதற்காக யாரையும் தள்ளாதீர்கள். விதியை இரண்டு செஷனில் கற்றுக்கொடுத்துவிடலாம், நேரத்துக்கு வரும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது.

கேரக்டரை அவரவர் தனியே செய்துவரச் சொல்லாமல் செஷன் ஜீரோவில் (ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் அமர்வில்) சேர்ந்து செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் யாரோடும் ஒட்டாத ஐந்து அநாதைகள் ஒரே சத்திரத்தில் வந்து உட்காருவார்கள். 'உங்கள் பக்கத்தில் இருப்பவரை எப்படித் தெரியும்?' என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். திறன் எண்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற வரிசையோ 27 புள்ளிகளைச் செலவழித்து எண்களை வாங்கும் கணக்கோ எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மேசைக்கு, அதாவது ஆட்டத்துக்குள், வரவே கூடாத விஷயங்களை அன்றே கேட்டு எழுதிவையுங்கள். வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் தனிச்செய்தியில் அனுப்பலாம், காரணம் கேட்க வேண்டாம்.

இடம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வரி பதில் போடுங்கள். உங்கள் அழைப்பை நம்பி ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேரைக் கேட்டு, காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள். நான்காவது செஷனில் யாராவது விலகினால் மறுபடியும் அழைப்பு எழுத வேண்டியிருக்காது.

அன்புடன்,
மேசை தேடும் ஆட்டக்காரர்கள்