அப்பாவின் றலிச் சைக்கிளை இரும்புக்குப் போடாதே

நொட்டிங்காம், இங்கிலாந்து,
தை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்க மண்டூர் முருகனை வேண்டுகிறேன். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? மருந்தை நேரத்துக்குக் குடிக்கச் சொல்லு. சாப்பிட்ட பிறகு குடிக்கிற மருந்தைச் சாப்பிடாமல் குடித்துவிட்டு, வயிறு எரிகிறது என்று மருந்தைத் திட்டுவது அவவின் பழக்கம்.

போன கிழமை போனில் கதைத்துவிட்டு வைக்கிற நேரத்தில் ஒரு விசயத்தைப் போகிற போக்கில் சொன்னாய். பின்வளவுக் கொட்டிலை இடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் விட ஷெட் போடப் போகிறாய், உள்ளே கிடக்கிற அப்பாவின் றலிச் சைக்கிளையும் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினையும் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கப் போகிறாய் என்று. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் "ஓம் ஓம்" என்று கேட்டுவிட்டு உன் எண்ணப்படிதான் செய்வாய். கடிதமென்றால் அம்மாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டி வரும். அதனால்தான் இத்தனை வருசத்துக்குப் பிறகு பேனையும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இரவுக் காவல் வேலை பார்ப்பது இங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகத்தில் என்று உனக்குத் தெரியும். பலகை அடித்த சுவர்கள், பெரிய கண்ணாடிகள், நடுவில் நீளமாக வெட்டிய குளம். படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்திருப்பாய். அந்த வளாகம் நிற்கிற காணியின் கதையைத்தான் உனக்குச் சொன்னதில்லை. அது றலிக் கொம்பனியின் பழைய தொழிற்சாலைக் காணியில் ஒரு பங்கு. வளாகத்தை 1999இல் திறந்தார்கள். மிச்சமிருந்த தொழிற்சாலையும் 2002இல் மூடப்பட்டது. 1950களில் வருசத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள் செய்த இடமாம் இது. றலி என்ற பெயர் இப்போதும் கடைகளில் தொங்குகிறது. ஆனால் இந்த ஊரில் இப்போது றலிச் சைக்கிள் செய்வதில்லை.

அப்பாவின் சைக்கிளைச் செய்த மண்ணில் நான் டோர்ச் லைட்டோடு சுற்றித் திரிகிறேன் என்பதை ஒரு நாள் தற்செயலாகத்தான் அறிந்தேன். என்னோடு வேலை செய்கிற கூட்டாளி ஒருவன், என் வயதுக்காரன், இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய தாய் றலியில் சில்லுக்குக் கம்பி கோர்க்கிற பகுதியில் வேலை செய்தவ. "இந்தக் குளத்தடியில்தான் அம்மாவின் வேலை" என்று கையைக் காட்டினான். பின்னேரம் வேலை விட்டால் ரோடு முழுக்கச் சைக்கிள்தானாம், பஸ்காரன் ஓரமாக நிறுத்திக்கொண்டு காத்திருப்பானாம். உங்கள் ஊரிலும் றலி இருந்ததா என்று அவன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயல் வட்டைக்குப் போவதும், சந்தைக்குப் போவதும், பொம்பிளை பார்க்கப் போவதும், செத்த வீட்டுக்குச் சொல்லப் போவதும் எல்லாம் றலியில்தான் என்றேன்.

பிறகு ஒரு நாள் லென்ரன் பூல்வாட் ரோட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். றலியின் பழைய தலைமைக் காரியாலயம் அங்கே இன்னும் நிற்கிறது. 1930களின் தொடக்கத்தில் கட்டியது. பிற்காலத்தில் அதில் கறுப்பினத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் பெயரில் கறுப்பின மக்களுக்கு ஒரு மண்டபம் வந்தது. கட்டடத்தின் முகப்பை அண்ணாந்து பார்த்தால், கொழுகொழு என்று உடுப்பில்லாத சின்னப் பிள்ளைகள் சைக்கிள் செய்கிற மாதிரி சிற்பங்கள் தெரியும். குளிருக்குள் கழுத்து நோகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நம்முடைய ஆக்கள் கோயில் கோபுரத்தில் செய்கிற வேலையை இவர்கள் சைக்கிள் கொம்பனிக்குச் செய்து வைத்திருக்கிறார்கள்.

பெடல் பூட்டுகிற பெரிய பல்சில்லுக்குள் ஒரு பறவையின் தலை வெட்டியிருக்குமே, ஞாபகமா? செயின் கழன்றால் பூட்டுகிற வேலை எப்போதும் எனக்குத்தான். அதனால் அந்தப் பறவையோடு எனக்கு நல்ல பழக்கம். கறுத்த கிறீஸ் அப்பி, கண்ணும் சொண்டும் தெரியாமல் கிடக்கும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தால் மெல்ல வெளியே வரும். அது வாவிக் கொக்குத்தான், மட்டக்களப்புக்கு விற்கிற சைக்கிள் என்பதால் கொக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நீ சாதித்தாய். உண்மையில் அது றலிக் கொம்பனியின் அடையாளமான நாரை. உலகம் முழுக்க விற்ற சைக்கிளிலும் அந்த நாரைதான். ஆனாலும் உன் கதைதான் எனக்குப் பிடித்தது, கூட்டாளிக்கும் அதையே சொன்னேன்.

1978 கார்த்திகைச் சூறாவளிக்கு நீ கைக்குழந்தை. விடிந்து பார்த்தபோது வளவில் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. கொட்டிலுக்குள் நின்ற சைக்கிளின் ஹாண்டிலுக்கு மேலே ஒரு மரம் கிடந்தது. அப்பா வீட்டுக் கூரையைப் பார்க்கவில்லை, முதலில் மரத்தை அரிந்து சைக்கிளை எடுத்தார். அம்மா அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை, கேட்டுப் பார். இரண்டு அடிமரத்துக்கு நடுவே ஹாண்டிலைக் கொடுத்து வளைத்து நிமிர்த்தினார். முழுதாக நிமிரவில்லை. அன்றிலிருந்து அந்தச் சைக்கிளுக்கு இடப்பக்கம் ஒரு சரிவு. கேபிள் இல்லாமல் கம்பியிலேயே வேலை செய்கிற பிரேக் அல்லவா, ஹாண்டில் கோணினதும் பிரேக் கம்பியும் இறுகிப் போய்விட்டது. அதைத் தளர்த்தித் தளர்த்தியே அப்பா சைக்கிள் திருத்தப் பழகினார். குருமண்வெளித் துறையில், வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில் ஏற்றும்போது பார்க்க வேண்டும். முன்னால் பாரில் நான், பின்னால் கரியரில் நெல்லு மூட்டை, சைக்கிள் வாவிப் பக்கம் சரியச் சரிய அப்பா அதை மறுபக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு வாறவர் போறவரோடு கதைப்பார்.

இனி றேடியோக் கதை. 1990 ஆனியில் சண்டை தொடங்கிய பிறகு பற்றரி என்பதே காணக் கிடைக்காத சாமானாகிவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் எடுத்து, டயோட்டு வைத்து றேடியோவுக்குக் கொடுத்தோமே. இங்கே என் மகனுக்கு இதை விளக்கினேன். டைனமோ ஆறு வோல்ற், நாலு பற்றரியும் சேர்ந்தால் ஆறு வோல்ற், கணக்குச் சரி என்றேன். "அது ஏசி அல்லவா, டிசியாக மாற்ற வேண்டுமே" என்று கேட்டான். அதற்குத்தானடா டயோட்டு என்றேன். கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தான். கையால் பெடலைச் சுற்றுகிற வேலை உனக்கு. பிபிசி தமிழோசையில் மட்டக்களப்பு என்ற சொல் வந்ததும் நீ சுற்றுவதை விட்டுவிட்டுக் காதைக் கொடுப்பாய், றேடியோ முனகிக்கொண்டு நின்றுவிடும். என்ன நடந்தது என்று வீடு முழுக்க உன்னைத் திட்டும். லண்டனிலிருந்து வந்த செய்தியை நொட்டிங்காம் சைக்கிள் ஓட்டிக் கேட்டிருக்கிறோம். அதை அப்போது யார் யோசித்தது?

இதைச் சொன்னதும் கூட்டாளி தன் கதையை எடுத்தான். தாய் றலியில் உழைத்த காசில் ஒரு நத்தாருக்கு அவனுக்கு ஸ்பெக்ட்ரம் கொம்பியூட்டர் வாங்கிக் கொடுத்தாவாம். கேம்பிரிட்ஜில் சின்கிளயர் என்பவரின் கொம்பனி 1982இல் வெளியிட்டது. பெரியது, அதாவது 48 கிலோபைட் ஞாபகம் உள்ளது, வெளிவந்தபோது 175 பவுண். அந்தக் காலத்தில் தொழிலாளி வீட்டுக்கு அது சின்னக் காசில்லை. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பூட்டி, விளையாட்டைக் கசெற்றில் இருந்து ஏற்ற வேண்டுமாம். ஐந்து நிமிசம் கீச்சுக் கீச்சென்று கத்துமாம், திரையின் கரையில் நிறக்கோடுகள் ஓடுமாம். கடைசி நிமிசத்தில் பிழை வந்தால் கசெற்றைத் திரும்பச் சுற்றி முதலில் இருந்து தொடங்க வேண்டும். நீ பெடலை விட்டுவிடுகிற கதைதான்.

மகனுக்கு ஆசை வந்து, பிளெச்லி என்ற இடத்தில் உள்ள கொம்பியூட்டர் நூதனசாலைக்கு என்னைக் கூட்டிப் போனான். பழைய கொம்பியூட்டர்களைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். ஸ்பெக்ட்ரமின் பட்டன்கள் எல்லாம் ரப்பர். விரலை வைத்ததும் நாங்கள் பாட்டா செருப்பை வெட்டி லொறிக்குச் சில்லுப் போட்டதுதான் ஞாபகம் வந்தது. கூட்டாளிக்கு ஸ்பெக்ட்ரம் கிடைத்த அந்த வருசங்களில் நமக்குக் கிடைத்தது மீன் டின். மூடியை மடித்து முன்பக்கம், ஆணியால் துளை போட்டு ஈர்க்கில் அச்சு, செருப்புச் சில்லு. உன் லொறிக்கு மட்டும் பின்னால் இரட்டைச் சில்லு வேண்டும் என்று அடம்பிடித்து, அம்மாவின் நல்ல செருப்பில் கை வைத்தாய். அடி எனக்கும் சேர்த்துக் கிடைத்தது.

மகன் போனைக் காட்டி, இதில் எடுத்த ஒரு படத்தைக்கூட அந்தக் கொம்பியூட்டரில் வைக்க முடியாது என்று சிரித்தான். சிரிக்கட்டும். நம் காலம்தான் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு அப்போது ஒரு ஸ்பெக்ட்ரம் கிடைத்திருந்தால் மீன் டின்னைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன். பற்றரி இல்லாத றேடியோவை நினைத்து ஏங்குகிறவனுக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமான்கள்தான் வேண்டும், அந்தக் காலம் வேண்டாம்.

லாண்ட்மாஸ்டர் விசயத்தில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. அதுவும் இந்த ஊர்ச் சாமான்தான் என்று சொன்னால் நம்பமாட்டாய். வயலுக்கேற்ற இரண்டு சில்லு உழவு மெசினை 1950களில் வடிவமைத்தது நம் நாட்டு எஞ்சினியர் றே விஜேவர்த்தன. அதைச் செய்து விற்றது நொட்டிங்காமில் இருந்த லாண்ட்மாஸ்டர் கொம்பனி. பிற்காலத்தில் அந்த மனிசனே மெசினை விட்டு எருமையை உயர்த்திப் பேசத் தொடங்கினார். அம்மப்பா அதைப் படிக்காமலே சொன்னவர்: "மெசின் சாணி போடுமா, கண்டு போடுமா?" என்று. இழுவைப் பெட்டியைப் பூட்டி, வைக்கல் பரப்பி, கொக்கட்டிச்சோலைத் தேருக்குக் குடும்பமே போன நாட்களுக்காக அதை வைத்திருக்கலாம்தான். ஆனால் என்ஜின் இறுகி, கீழ்ப்பக்கம் உக்கி, பாம்பு முட்டையிடுகிற நிலைமைக்கு வந்த பிறகு என்ன செய்வது? கொடு. கொடுக்க முந்தி, கொம்பனிப் பெயர் உள்ள தகடு எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் கழற்றி வை.

இங்கே இப்போது சரியான குளிர். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். காலமை வேலை முடிந்து ட்ராமுக்கு நிற்கும்போது கையுறைக்குள்ளேயும் விரல் விறைக்கிறது. வீட்டுக்கு வந்து ஹீட்டரைப் போட்டால் பில்லை நினைத்து வேர்க்கிறது. வீதியோரக் கம்பிகளில் யாரோ பூட்டிவிட்டு மறந்த சைக்கிள்கள் துருப்பிடித்துத் தொங்கும், நல்ல சைக்கிள்கள். காணும்போதெல்லாம் ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் என்று கை பரபரக்கும். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?

சரி, விசயத்துக்கு வருகிறேன். சைக்கிளைக் கொடுக்காதே. இரண்டு டயரும் ரியூப்பும் மாற்று, 28க்கு ஒன்றரை. நான் இங்கே கேட்ட கடையில் அந்த அளவு இல்லை என்றான், களுவாஞ்சிக்குடியில் இந்தியச் சாமான் கிடைக்கும். சில்லுக் குண்டு எல்லாம் கழற்றிப் புதுக் கிறீஸ் வை. பெயின்ற் அடிக்க வேண்டாம். ஹாண்டிலை நிமிர்த்துகிறேன் என்று யாராவது வந்தால் விடாதே, அது அப்படியே இருக்கட்டும். ரியூசனுக்கு ஓட மூத்தவளிடம் கேட்டுப் பார். பார் வைத்த சைக்கிள் வேண்டாம் என்பாள். அப்படியென்றால் நீயே வட்டைக்கு ஓடு. போன படத்தில் பார்த்தேன், உனக்கும் வயிறு வைத்துவிட்டது.

செலவுக்குக் காசு இந்தக் கிழமையே போடுகிறேன், அம்மாவின் மருந்துக் காசு அதில் சேராது, அது வேறாக வரும். சீற்றுக்குக் கீழே குழாயில் ஏதாவது இலக்கம் வெட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்துப் படமெடுத்து அனுப்பு. எந்த வருசத்துச் சைக்கிள் என்று கண்டுபிடிக்கலாமா என்று பார்க்கிறேன் என்கிறான் கூட்டாளி, என்னைவிட அவனுக்குத்தான் அவசரம்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்.