பிடித்தது சரி, எங்கே வைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அனல் மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை 2016-லேயே அரசு மானியமின்றி இதைச் செய்துகாட்டியதைப் பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆலை பிடிக்கும் என்று அப்போது சொன்னது ஆண்டுக்கு 60,000 டன். நிலக்கரியை எரித்து ஒரு மெகாவாட்-மணி மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு டன் வாயு வெளியேறும். அதே ஊர் அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு லோடில் ஓடினால் நாளொன்றுக்கு 5,000 டன். ஆக, ஆலை ஒரு வருடம் பிடிப்பது அந்த ஒரு யூனிட்டின் 12 நாள் புகை. அப்படி 5 யூனிட்களோடு கட்டிய நிலையம் அது.

பிடித்ததையும் அங்கே புதைக்கவில்லை. சோடா ஆஷ் செய்தார்கள். அது கண்ணாடி உலைக்குப் போனால், உருகும்போதே வாயு திரும்பவும் வெளியே வந்துவிடும்!

பிடிப்பது புது வித்தை ஒன்றுமில்லை. அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் புகையிலுள்ள வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அதை மறுபடி பிரிக்க 120 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். அந்த நீராவிக்குத்தான் திண்டாட்டம். டர்பைனுக்குப் போக வேண்டியதை இதற்குத் திருப்பினால் மின்சாரம் குறையும். அமெரிக்காவில், டெக்சாஸ் அனல் மின் நிலையம் ஒன்றின் புகையைப் பிடிக்கும் பெட்ரா நோவா திட்டத்தில் இதற்கென்றே தனி எரிவாயு டர்பைன் வைத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 100 கோடி டாலர். பிடித்த வாயுவை எண்ணெய் வயலில் செலுத்தி, மிச்சமிருந்த எண்ணெயை எடுத்தார்கள். 2020-ல் எண்ணெய் விலை விழுந்ததும் வாயு பிடிப்பதையே நிறுத்திவிட்டு, 2023-ல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடியில் புதைத்துவருவது உண்மை. ஆனால் அது மின் நிலையப் புகை அல்ல, எரிவாயுவைச் சுத்தம் செய்யும்போது பிரிவது. அதையும் புதைக்க வைத்தது அந்த நாடு 1991-ல் போட்ட கார்பன் வரி, அதாவது வெளியே விடும் வாயுவுக்கான வரி.

இங்கே எங்கே புதைப்பது? காவிரிப் படுகையின் பழைய எண்ணெய்க் கிணறுகளிலா? அதற்கான குழாய் யார் வயல் வழியாகப் போகும்? கெயில் எரிவாயுக் குழாய்க்கே கொங்கு மண்டல விவசாயிகள் எவ்வளவு போராடினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டுரையாளரை அடுத்து இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை