அந்தப் பெட்டிச் செய்தியைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். நான் திருச்சியில் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுப்பவன். ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த உங்கள் பத்தாம் வகுப்புப் பாடம் 2023 புத்தகத்தில் வெறும் ‘மரபு’ ஆனதை உங்களுக்கே நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அப்போதே உங்களுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பரிணாமத்துக்காக அவர்கள் வாதாடிவிட்டார்கள். நான் கேட்க வந்தது அதைவிடச் சின்ன விஷயம். அந்தப் பாடத்துக்குள் ‘பூமியில் உயிரின் தோற்றம்’ என்று ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. ஒரு பக்கம்கூட வராது. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் மாடியில் நடந்த ஒரு சங்கதிதான் காரணம். என்னிடம் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளும் வருகிறார்கள், உங்கள் புத்தகம் படிப்பவர்களும் வருகிறார்கள். மாநிலப் பாடத்திட்டப் பையன் ஒருவனுக்கு மறுநாள் தேர்வு. ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஆதிக் கடலின் ரசாயனங்களிலிருந்து உயிர் வந்தது என்று சொன்ன விஞ்ஞானிகள் ஓபரின், ஹால்டேன் என்று போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மின்சாரக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த பெண் பேனாவை மூடி வைத்துவிட்டாள். “சார், அவனுக்கு மட்டும் ஏன் இந்தக் கதையெல்லாம் இருக்கு?” என்றாள். இருவரும் ஒரே தெரு. ஒரே வயது.

அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னாள். அவள் பள்ளி ஆண்டு விழாவில் பேச வந்தவர், “உயிரில்லாத பொருளிலிருந்து உயிர் வரவே வராது என்று லூயி பாஸ்டர் அன்றைக்கே நிரூபித்துவிட்டார், விஷயம் முடிந்தது” என்றாராம். மறுநாள் இவள் வகுப்பில் எழுந்து, அது உண்மையா என்று கேட்டிருக்கிறாள். கிடைத்த பதில்: “அது போர்ஷன்ல இல்லம்மா, உட்காரு.”

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மார்ச்சுக்குள் பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் ‘போர்ஷன்ல இல்ல’ என்ற அந்த வாக்கியத்தை அவர் கையில் கொடுத்தது யார் என்று யோசித்தபோதுதான் உங்கள் முகவரி ஞாபகத்துக்கு வந்தது.

பாஸ்டர் செய்தது என்ன? 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்னப்பறவைக் கழுத்து போல வளைந்த குடுவையில் சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போனது, தூசி வளைவிலேயே தங்கிவிட்டது, சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டது. நுண்ணுயிர்கள் சாற்றிலிருந்து தானாக முளைப்பதில்லை, வெளியிலிருந்து வந்து விழுகின்றன என்பது அதில் தெரிந்தது. நம் வீட்டில் இட்லி மாவு தானாகப் புளிப்பதில்லை, நுண்ணுயிர்கள்தான் புளிக்க வைக்கின்றன என்பது போல. ஆனால் ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, காற்றில் ஆக்சிஜனே இல்லாத பூமியில், கோடிக்கணக்கான ஆண்டு அவகாசத்தில் என்ன நடந்திருக்கும் என்று அந்தக் குடுவை எதுவும் சொல்லவில்லை. இவ்வளவையும் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அந்தப் பெண் கேட்ட அடுத்த கேள்வி, “அப்ப என்னதான் நடந்துச்சு?”

மறுநாள் அக்காவின் பழைய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெட்டிச் செய்தியைச் சுற்றிப் பென்சில் கோடு, ஓரத்தில் ‘முக்கியம்’. எளிய கனிமச் சேர்மங்களிலிருந்து உயிர் வந்திருக்க வேண்டும் என்று ஹால்டேன் 1929-இல் சொன்னது அதில் இருக்கிறது. 1953-இல் ஸ்டான்லி மில்லரும் ஹெரால்ட் யூரியும் மீத்தேன், அம்மோனியா போன்ற வாயுக்களையும் நீரையும் அடைத்து, 100 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்தில் மின்பொறி பாய்ச்சியது இருக்கிறது. ஒரு வாரத்தில் மீத்தேனின் கார்பனில் 15%, புரதங்களை உருவாக்கும் அமினோ அமிலங்கள் உள்ளிட்ட எளிய கரிமச் சேர்மங்களாக மாறியது இருக்கிறது. கடைசி வரி ஒரு கேள்வி: இன்றும் பூமியில் உயிர் புதிதாகத் தோன்ற முடியுமா? பதில் எழுதாமல் அப்படியே விட்டிருந்தீர்கள். உங்கள் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனை மாலைகள் போயிருக்கின்றன! மில்லர் அப்போது 22, 23 வயது ஆராய்ச்சி மாணவர் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரே நாளில் குடுவை நீர் இளஞ்சிவப்பாகி, வாரக் கடைசியில் அடர்சிவப்பாய்க் கலங்கியது. நோபல் பரிசு பெற்ற யூரி, கட்டுரை மாணவன் பெயரிலேயே வரட்டும் என்று தன் பெயரை விலக்கிக்கொண்டார். (இந்த இடத்தில் பெரிய வகுப்பில் படிக்கும் அண்ணன்கள் பெருமூச்சு விடுவார்கள்.) 2007-இல் மில்லர் இறந்த பிறகு, அவர் பத்திரப்படுத்தியிருந்த பழைய குப்பிகளை, அன்று அவர் செய்த இன்னொரு சோதனையுடையவை, எடுத்து நவீனக் கருவியில் பார்த்தால் 22 அமினோ அமிலங்கள்!

அதற்காக இது தீர்ந்துபோன கதை என்று நான் சொல்லவில்லை. ஆதிப் பூமியின் காற்றில் மில்லர் எடுத்துக்கொண்ட அளவுக்கு மீத்தேனும் அம்மோனியாவும் இருந்திருக்காது, கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுதி என்று பல புவியியலாளர்கள் கருதுகிறார்கள். அமினோ அமிலம் கிடைத்ததால் உயிர் கிடைத்துவிடாது. செங்கல் சூளையைக் காட்டி வீடு கட்டிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் கிடைத்தன. பென்னு சிறுகோளிலிருந்து நாசா கொண்டுவந்த மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20-இல் 14 இருப்பதாக 2025-இல் அறிவித்தார்கள். செங்கல்லுக்குப் பஞ்சமில்லை, கொத்தனாரைத்தான் காணோம். முதலில் வந்தது மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறா, ஆற்றல் தரும் வேதிவினைகளான வளர்சிதை மாற்றமா? இடம், காய்ந்து நனையும் குட்டையா, ஆழ்கடல் வெந்நீர்த் துவாரமா? இன்றுவரை சண்டை ஓயவில்லை.

அந்தச் சண்டையைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்கிறேன். பெட்டிச் செய்தியைத் திருப்பித் தரும்போது மில்லர் மீதான இந்த ஆட்சேபணைகளையும் இரண்டு வரி சேர்த்தே தாருங்கள். விழா மேடையில் ஒருவர் “விஷயம் முடிந்தது” என்றால், முடியவில்லை என்று சொல்ல அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா?

‘சீரமைப்பு’ என்று பெயர் வைத்து, கொரோனா காலச் சுமையைக் குறைத்தோம் என்றீர்கள். சரி. கொரோனா போய்விட்டது, அந்தப் பெட்டி மட்டும் திரும்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்றும் சொல்லப்பட்டது. அது உயிரியல் எடுத்தவனுக்கு. கணினியும் வணிகவியலும் எடுத்துப் போகிறவர்களுக்கு உயிரியலோடு கடைசிச் சந்திப்பே பத்தாம் வகுப்புதான். அவர்கள் வாழ்நாளில் இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் பார்க்கவே மாட்டார்கள்.

ஹால்டேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் 1957-இல் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிப்பதற்காக எழுதிவைத்தார். தன் உடம்பையே நம் பிள்ளைகளுக்குப் பாடமாகக் கொடுத்த மனிதருக்கு உங்கள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி இடம் இல்லை. பாரம் அதிகம் போலிருக்கிறது.

பாரம் என்றதும் இன்னொன்று. என் மாடிக்கு வரும் பைகளை ஒரு நாள் நீங்கள் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே நுழைவுத் தேர்வுக் கையேடுகள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். அவற்றை யாரும் ‘சீரமைப்பு’ செய்ததாகத் தெரியவில்லை. நீங்கள் நீக்கியவற்றில் தனிம அட்டவணை கனம், பரிணாமம் கனம், உயிர் எப்படி வந்தது என்ற கேள்வி கனம். நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கும் பயிற்சி மட்டும் பஞ்சு போல இருக்கிறது! இப்படியே போனால் அறிவியல் புத்தகத்தில் அட்டையும் விலையும்தான் மிஞ்சும்.

மன்னிக்கவும், வேகத்தில் எங்கோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்து வரும் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘பூமியில் உயிரின் தோற்றம்’ பகுதியை, அந்தக் கடைசிக் கேள்வியோடு, தயவுசெய்து மறுபடி சேருங்கள். தேர்வுக்கு வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். புத்தகத்தில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
டியூஷன் வாத்தியார் ஒருவர்,
திருச்சி.

பி.கு.: அந்தப் பெண் அக்கா புத்தகத்திலிருந்து பெட்டிச் செய்தியை ஜெராக்ஸ் எடுத்துத் தன் புத்தகத்தில் ‘மரபு’ பாடம் முடியும் இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். இப்போது மாடியில் இன்னும் நான்கு பேர் புத்தகத்திலும் அது இருக்கிறது. பசை என்னுடையது. பாடநூலில் அனுமதியின்றி ஒட்டியது தவறென்றால், நடவடிக்கையை என் மேல் எடுங்கள்.