செக்‌ஷன் 17 கட்டுகளுக்கு ஒரு பிரதி மலைக்குக் கீழே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூடலூரில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். கம்ப்யூட்டர் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ் பற்றி நீலகிரி வழக்கறிஞர் சங்கங்கள் காதில் போட்டுவைக்க வேண்டிய ஒரு விஷயத்தை உங்கள் நாளிதழ் மூலம் சொல்கிறேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதில் பெரும்பகுதி செக்‌ஷன் 17 நிலங்களின் வழக்குக் கட்டுகள். ஜன்மிகளின் பரம்பரை நில உரிமையை ஒழித்த 1969 கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில், குத்தகைத் தோட்ட நிலங்கள் யாருக்கு என்று தொடங்கிய சிக்கல் இன்னும் தீரவில்லை. 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு சொன்ன கோயல்ஹோ வழக்குகூட இந்தச் சட்டத்திலிருந்து கிளம்பியதுதான். கட்சிக்காரர்கள் கொண்டுவருவது கரையான் அரித்த குத்தகைச் சீட்டு, பழைய வரி ரசீது, இலங்கையிலிருந்து திரும்பியபோது தாத்தாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டை. ஆடி மழையில் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்தோம். சிலருக்கு அசல் போய்விட்டது. ஸ்கேன்தான் மிச்சம்.

அதைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதுதான் ரேன்சம்வேர். தீர்ப்பு நகல் என்று பெயர் போட்டு வரும் மெயிலைத் திறந்தால் போதும், உள்ளே வந்துவிடும். அப்டேட் செய்யாத விண்டோஸ் என்றால் யாரும் எதையும் திறக்க வேண்டியதுகூட இல்லை. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வன்னாகிரை அப்படித்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. பழைய தமிழ் டைப்பிங் சாப்ட்வேருக்காக, 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 7-ஐ விடாமல் வைத்திருக்கும் ஆபீஸ்கள் இந்த மலையில் இன்னும் உண்டு.

கேட்டால், ஹார்ட் டிஸ்க்கில் காப்பி இருக்கிறது என்பார்கள். அந்த ஹார்ட் டிஸ்க் இரவும் பகலும் கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கும். செருகியிருக்கும் எதையும் இந்த வைரஸ் விடாது. பென் டிரைவ், ஜூனியர் லேப்டாப்போடு பகிர்ந்த போல்டர் எல்லாம் சேர்ந்தே போகும்.

2020 ஆகஸ்டில் லண்டனில் டக்கர்ஸ் என்ற கிரிமினல் வழக்கறிஞர் நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் பூட்டப்பட்டன, காப்பியும் தப்பவில்லை. 60 வழக்குக் கட்டுகளைத் திருடி இணையத்தின் கள்ளச் சந்தையில் போட்டுவிட்டார்கள். பாதுகாப்பில் கோட்டை விட்டதற்காக 2022-ல் 98,000 பவுண்ட் அபராதம்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த 60 கட்டுகள். பணம் கொடுத்துப் பூட்டைத் திறந்தாலும் வெளியே போனது போனதுதான். போக்சோ வழக்குக் குழந்தைகளின் வாக்குமூலம் எங்களிடம் இருக்கிறது. பெற்ற தாயிடமும் சொல்லாததை ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்கள் எங்கள் வக்கீல் மேடத்திடம் சொல்லியிருக்கிறார்கள். கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கச் சொல்லும் புதிய (2023) சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு வக்கீலோடு குமாஸ்தாவையும் சேர்த்தே கட்டுகிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா?

எங்கள் ஆபீசில் இரண்டு ஹார்ட் டிஸ்க். சனிக்கிழமை மாலை காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுவேன். இன்னொன்று பாஸ்வேர்டு போட்டு கோயம்புத்தூரில் மேடத்தின் தம்பி வீட்டில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு ஒரு பிரதி ஏன் கீழே இருக்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. எடுத்த காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்ப்போம். இதைத்தான் பலரும் செய்வதில்லை. மெயிலுக்கும் ஓடிபி போட்டிருக்கிறோம்.

தனி ஆளாகத் தொழில் செய்யும் இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் பெரிய செலவு. சங்கமே மொத்தமாக வாங்கித் தவணையில் கொடுக்கலாம். ஊட்டி சைபர் கிரைம் போலீசாரை கூடலூர், பந்தலூர் சங்கங்கள் அழைத்து, வக்கீல்களோடு குமாஸ்தாக்களையும் உட்கார வைத்து வகுப்பு எடுக்கச் சொல்ல வேண்டும். மெயிலைத் திறப்பது நாங்கள்தானே. வைரஸ் வந்துவிட்டால் முதலில் நெட் வயரைப் பிடுங்க வேண்டும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும். பார்மட் அடிக்கக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் தடயமும் அழிந்துவிடும், சில வகைப் பூட்டுகளுக்கு இலவசமாகவே கிடைக்கும் சாவியைப் போட்டுப் பார்க்கவும் கோப்பு மிஞ்சாது.

தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர் குமாஸ்தா,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.