காலடிச் சத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள்

பழைய வானொலி நாடகங்களைச் செயலியில் வழங்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மூன்று வருடமாக உங்களுக்குச் சந்தா கட்டுகிறேன். போன மாதம் 'ஒலி மேம்படுத்தப்பட்டது' என்று அறிவித்துவிட்டு 'டிராக்நெட்' என்ற பழைய அமெரிக்கப் போலீஸ் நாடகத் தொடரை என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு முறை எழுதினேன். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்லிப் பதில் வந்தது. நிறுவினேன். கோளாறு செயலியில் இல்லை.

யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு சின்ன ஊருக்கு, நாடகத்தின் நாயகனான போலீஸ்காரர் சார்ஜண்ட் ஜோ ஃபிரைடே தொலைபேசியில் அழைக்கும் காட்சி ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இணைப்பு ஒவ்வொரு ஆபரேட்டராகக் கை மாறிப் போகும். காத்திருப்பு, கரகரப்பு, இன்னொரு குரல், மறுபடி காத்திருப்பு. துப்பறிவது என்றால் பாதி நேரம் இப்படிக் காத்திருப்பதுதான் என்று காட்டவே, தொடரை உருவாக்கி ஃபிரைடேயாகவும் நடித்த ஜாக் வெப் அதை முழுசாக ஒலிபரப்பினார். உங்கள் புதிய பதிப்பில் ஃபிரைடே எண்ணைச் சொன்ன மறு நொடியே எதிர்முனை பேசுகிறது. அந்தக் காலத்தில் இவ்வளவு வேகமான தொலைபேசி இருந்தது எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று!

மௌனத்தை வெட்டியதோடு நிற்கவில்லை. இரைச்சல் என்று நினைத்துக் காலடிச் சத்தத்தையும் துடைத்துவிட்டீர்கள். கதவு திறக்கும் ஒலி, தெரு ஒலி எல்லாம் போயிற்று. நிஜப் போலீஸ் கோப்புகளிலிருந்து கதை எடுத்து, லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் ஒத்துழைப்போடு, ஒவ்வொரு ஒலியும் உண்மையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து எடுத்த நாடகம் இது. இப்போது கேட்டால் இரண்டு பேர் பஞ்சு மெத்தைக்குள் உட்கார்ந்து கொலையைப் பற்றிப் பேசுவது போலிருக்கிறது. தயவுசெய்து பழைய ஒலிப்பதிவை அப்படியே திரும்பப் போடுங்கள்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கும் விளம்பரம் இருந்தது. ஃபாத்திமா சிகரெட்காரர்கள்தான் காசு கொடுத்தார்கள். ஆனால் காட்சி முடியும்வரை காத்திருக்கும் நாகரிகம் அவர்களுக்கு இருந்தது. கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி வைத்த துப்பாக்கியால் ஒரு சிறுவன் இறந்துபோகும் கதையை 1949 டிசம்பரில் ஒலிபரப்பினார்கள். அவன் இறந்துவிட்டான் என்று தெரியவரும் இடத்தில் நீங்கள் வீட்டுக்கடன் விளம்பரம் போடுகிறீர்கள். குறைந்த வட்டியாம். யாருக்குச் சொல்கிறீர்கள், அந்தப் பையனின் அப்பாவுக்கா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். விளம்பரம் உங்கள் பிழைப்பு, அதைப் பொறுத்துக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். சுத்தம் செய்த பதிப்பு வேண்டுபவர்களுக்கு அதுவும் இருக்கட்டும். பக்கத்திலேயே பழைய ஒலிப்பதிவையும், கரகரப்பும் காலடியும் காத்திருப்புமாக, கை வைக்காமல் போடுங்கள். அப்புறம், இந்த முறையாவது மடலைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். என் சந்தா அடுத்த மாதம் 12-ஆம் தேதி முடிகிறது.

இப்படிக்கு,
இரவுப் பணி முடிந்து பேருந்தில் நாடகம் கேட்டபடி வீடு திரும்பும் ஒரு சந்தாதாரர்