பல் கூசும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மதியச் சாப்பாட்டை ஒரு பக்கமாகவே மெல்லுகிறார்கள், தண்ணீர் குடித்தால் முகம் சுளிக்கிறார்கள் என்று வகுப்பாசிரியர்கள் சொன்னார்கள். விசாரித்தால், "பல்லில் கறை சார், தண்ணீரால் வந்தது" என்ற பதில்தான் வருகிறது.

நம் தருமபுரி மாவட்டத்தில் அது பல நேரம் சரிதான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் எல்லாக் கறையும் தண்ணீரால் வந்ததல்ல. குழந்தைப் பல் மருத்துவர்கள் முதலில் இதைத்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். ஃபுளோரைடு கறை பல பற்களில், வாயின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். பாதிப்பு கூடினால் பழுப்பாகும். இன்னொரு குறைபாடு ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பற்களில் வரும், சில பிள்ளைகளுக்கு முன்பற்களிலும் வரும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ எல்லை தெளிந்த திட்டு இருக்கும். பக்கத்துப் பல் நன்றாகவே இருக்கும். இதை எம்.ஐ.எச். என்கிறார்கள்; கடைவாய்ப்பல், முன்பல் ஆகியவற்றின் மேல்பூச்சு கெட்டிப்படாத குறைபாடு என்று பொருள். இந்தப் பெயரே 2001இல்தான் வந்தது.

அந்தக் கடைவாய்ப்பல்லின் எனாமல் (பல்லின் கெட்டியான மேல்பூச்சு), குழந்தை பிறக்கும் சமயத்தில் உருவாகத் தொடங்கி மூன்று வயதையொட்டி முடிகிறது. இடையில் தடங்கல் வந்தால் கெட்டிப்படாமல் நின்றுவிடுகிறது. சிறுவயது நோய்கள், பரம்பரை என்று பலவற்றைச் சொல்கிறார்கள். ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியவில்லை. ஆகவே தாய்மார்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போது அழிந்துவிடுவதால், போனது மறுபடி வளராது. பிரஷ் பட்டாலே வலிக்கும். பல் தேய்க்காமல் ஓடும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்காதீர்கள்.

அப்புறம், அந்தப் பல் பால் பல் என்று நினைத்துப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்கும் பல் அல்ல. சீக்கிரம் போனால் பல்லை உறுதியாக்க ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், பள்ளங்களை சிமென்ட் வைத்து மூடுவார்கள். எனாமல் உதிர்ந்த பல்லுக்கு ஸ்டீல் கேப் போடுவார்கள். தாமதித்தால் பல் இன்னும் கூசும், மரத்துப்போகும் ஊசியும் சரியாகப் பிடிக்காது. பிள்ளைக்கு மருத்துவர் என்றாலே பயம் வந்துவிடும். ரொம்பவே கெட்டுப்போன பல்லை, எக்ஸ்ரே பார்த்து, எட்டு முதல் பத்து வயதுக்குள் எடுப்பதும் உண்டு; பின்னால் வரும் பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். எடுக்கலாமா, எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

லேசான ஃபுளோரைடு கறைக்குச் சிகிச்சையே தேவையில்லை. தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது. குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பற்களையும் பார்க்கும். அன்று பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். இப்போதே வலி இருந்தால் காத்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்றைய விடுப்புக்கு வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்